காலையில் ஏறி, இருட்டுமுன் இறங்க

பெரியநாயக்கன்பாளையத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. ஊட்டி ரோடு நம் ஊருக்கு நடுவே போகிறது. கோவை டவுனில் இருப்பவர் விடிகாலையில் கிளம்பினாலும் கவுண்டம்பாளையம், துடியலூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் இங்கே வந்து சேர வேண்டும். நமக்கு வாசல்படி தாண்டினால் காரமடை, அடுத்தது மேட்டுப்பாளையம், அதற்கப்புறம் மலைதான்.

ஆனாலும் ஒரே நாளில் ஊட்டி போய்வந்த குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். "போனோமுங்க, வண்டியிலயே உக்காந்திருந்தோமுங்க, வந்துட்டோமுங்க" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒரு பொங்கல் விடுமுறையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு காலை ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினேன். பூங்காவை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு இரவு பத்தரைக்கு வீடு வந்தேன். எத்தனை இடம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டவன், எத்தனை மணி நேரம் கையில் நிற்கும் என்று போடவில்லை.

அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

நம் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 20 கிலோமீட்டர். விடிகாலையில் அரை மணி நேரம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 34 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குக் குன்னூரில் டீ குடிக்கலாம். மாலை நான்கு மணிக்கு இறங்கத் தொடங்கினால் ஆறு மணி சுமாருக்கு வீடு. ஆக, மலை மேல் உங்களுக்கு எட்டரை மணி நேரம் கிடைக்கிறது.

ஊட்டி வரை போனால்? குன்னூரிலிருந்து இன்னும் சுமார் 18 கிலோமீட்டர்தான். கூட்டமில்லாத நாளில் முக்கால் மணி நேரம். விடுமுறை நாளில் அதே தூரம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தை விழுங்கும். போக, வர இரண்டு தடவை. எட்டரையில் மூன்று, நான்கு மணி நேரம் அங்கேயே போய்விட்டது. வண்டி நிறுத்த இடம் தேடுவது, சாப்பாட்டுக்குக் காத்திருப்பது என்று இன்னும் ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். மிச்சம் மூன்று மணி நேரம். அதில் நாலு இடம் பார்க்க நினைத்தால் நாற்பது நிமிடப் பூங்காதான் கிடைக்கும்.

அப்படியானால் எந்த ஊருக்குப் போவது? பத்து வயதுக்குள் குழந்தைகளும் அறுபது தாண்டிய பெரியவர்களும் கூட வருகிறார்கள் என்றால் குன்னூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். ஊட்டி பார்த்தே ஆக வேண்டும் என்றால் செவ்வாய், புதன் போல வாரத்தின் நடுவில் ஒரு நாளைப் பிடியுங்கள். கூட்டமே ஆகாது என்பவர் கோத்தகிரி போகலாம். மூன்றையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லும் வாடகை வண்டிக்காரரை நம்ப வேண்டாம். அவர் சுற்றுவார், நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

குன்னூரில் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சிம்ஸ் பூங்காவே அரை நாளுக்குப் போதும். 1874-ல் தொடங்கிய பூங்கா. அப்போது சென்னை அரசாங்கத்தின் செயலராக இருந்த ஜே.டி. சிம் என்பவரின் பெயர் நிலைத்துவிட்டது. தட்டையான பூங்கா அல்ல, ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இறங்கிக்கொண்டே போகும். ருத்ராட்ச மரத்தை நேரில் பார்க்கலாம். அடியில் ஒரு குளம், அதில் படகு.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இறங்குவது சுகம், இறங்கியதை ஏற வேண்டும் என்பது குளத்தருகே போனபிறகுதான் தெரியும். முழங்கால் வலிக்காரர்கள் மேல் தளத்திலேயே ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிடுவது நல்லது. மேல் தளத்துப் பூப்பாத்திகளே மனதுக்குப் போதும்.

பூங்காவுக்கு எதிரே பழைய பெரிய கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் பாஸ்டர் நிறுவனம். 1907-ல் தொடங்கியது. நாய்க்கடிக்குத் தடுப்பூசி என்று நாம் போட்டுக்கொண்டதில் இந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே போய்ப் பார்க்கும் இடமல்ல. ஆனால் ஊசிக்குப் பயந்து ஓடும் பிள்ளைக்குக் கைகாட்டிச் சொல்ல ஒரு கதை.

பூங்காவைத் தவிர லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் ஆகிய காட்சிமுனைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே சாலையில், ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். வழி முழுக்கத் தேயிலைத் தோட்டம். டால்பின் நோஸிலிருந்து பள்ளத்தாக்குக்கு அப்பால் கேத்தரின் அருவி வெள்ளை நூல்போலத் தெரியும். மஞ்சு (மலையில் தாழ இறங்கும் மேகமூட்டம்) வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் காட்சிமுனையைக் காலையிலும் பூங்காவை மதியத்திலும் வைத்துக்கொள்வதே பல நாட்களில் சரியாக வரும். வானம் தெளிவாக இருந்தால் முதலில் அங்கே ஓடுங்கள், பூங்கா எங்கும் போய்விடாது.

ஊட்டிக்கே போகிறீர்களா? அப்படியானால் இரண்டே இடம். ஒன்று அரசு தாவரவியல் பூங்கா. 1848-ல் தொடங்கியது, சுமார் 55 ஏக்கர், புல்வெளியில் பிள்ளைகள் உருண்டு புரளலாம். இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரம் (கல்லாக இறுகிப்போன அடிமரம்) ஒன்றும் உண்டு. இன்னொன்று ஏரியும் படகு இல்லமும். ஏரி இயற்கையானதல்ல, அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டவைத்தது. படகு, குட்டி ரயில், குதிரை எல்லாம் அங்கேயே இருப்பதால் பிள்ளைகளின் பட்டியல் ஓரிடத்தில் முடிந்துவிடும். தொட்டபெட்டா (2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி) அடுத்த தடவைக்கு.

கோத்தகிரி வேறு மாதிரி. அங்கே விளையாட்டுச் சாமான் குறைவு, அமைதி அதிகம். அதே சல்லிவன் மலையேறி வந்து 1819-ல் வீடு கட்டியது கோத்தகிரிக்கு அருகே கண்ணேரிமுக்கில்தான். ஊட்டி என்ற ஊரே அதற்குப் பிறகு வந்தது. அன்று நீலகிரி நம் கோவை மாவட்டத்தின் ஒரு பகுதி. கலெக்டருக்கே வெயில் தாங்காமல் போயிருக்க வேண்டும். அந்த வீட்டைப் பழுதுபார்த்து இன்று ஆவணக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். கோடநாடு காட்சிமுனையில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். படிக்கிற வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது நல்ல நாள்.

இனி, இ-பாஸ் (வெளியூர் வண்டி மலையேற அரசு தரும் மின்னணு அனுமதிச் சீட்டு). சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இது வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் இன்னும் ஒரு படி போய், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்.

"நாம பக்கத்து ஊருதானுங்களே, நமக்குமா?" என்றால், ஆமாம். நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிக்குத்தான் விலக்கு. கோவையின் டி.என். 38 மட்டுமல்ல, மலை அடிவாரத்து மேட்டுப்பாளையத்தின் டி.என். 40 கூட இந்தக் கணக்கில் வெளியூர்தான்.

எடுப்பது கஷ்டமா? இல்லை. தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் கைபேசி எண், வண்டி எண், போகும் தேதி, வரும் தேதி, ஆட்களின் எண்ணிக்கை இவற்றைக் கொடுத்தால் கியூஆர் குறியீட்டோடு சீட்டு வந்துவிடும். காசு கிடையாது, காசு கேட்டு எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு பக்கத்திலும், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனையிலும் பார்ப்பார்கள். சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் கிடைக்காத போனில் பதிவுசெய்ய முயன்று அரை மணி நேரம் தொலைப்பவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். முந்தின வாரமே எடுத்து, படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. கிளம்பும் முன் ஒரு தரம் சரிபாருங்கள்.

அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. கோவையிலிருந்து வரும் ஊட்டி விரைவுப் பேருந்து நம் ஊரில் நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். டவுன் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய் அங்கே மாறிக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு அந்தத் தூரம் இலவசம். மேட்டுப்பாளையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். மலை மேலும் உள்ளூர்ப் பேருந்து உண்டு. கைக்குழந்தை இல்லாத குடும்பத்துக்கு இதுவே நிம்மதியான வழி.

மலை ரயில்? பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கியது. தூரம் 46 கிலோமீட்டர். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் (பல் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டை) ஓடும். என்ஜினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரம் என்கிற செங்குத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. என்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தவருக்கு முன்னால் வெறும் மலைதான்.

ஆனால் ஒரு நாள் பயணத்துக்கு இது பொருந்துமா என்பது வேறு கேள்வி. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி ஊட்டி சேர நண்பகல் ஆகும். திரும்பும் வண்டி ஊட்டியில் மதியம் இரண்டு மணிக்கே கிளம்பிவிடும். இரண்டு வழியும் ரயில் என்றால் மலை மேல் இரண்டு மணி நேரம்தான். எனவே ஏறுவது ரயிலில், இறங்குவது பேருந்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரயிலே சுற்றுலா என்று மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள். விடுமுறைக் காலத்துச் சீட்டுகள் முன்பதிவு திறந்த சில நாட்களிலேயே தீர்ந்துவிடும்.

இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் ஒரு நாளைக்குப் பல முறை அதே பாதையில் வண்டி ஓடுகிறது. ஒன்றேகால் மணி நேரப் பயணம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள். 'மூன்றாம் பிறை' படம் பார்த்த தலைமுறை கேத்தி நிலையம் வந்ததும் பேசாமல் ஜன்னலைப் பார்க்கும். பிள்ளைகளுக்கு ஏன் என்று புரியாது. காரைக் குன்னூரில் நிறுத்திவிட்டு இப்படிப் போய்வந்தால் சாலை நெரிசலும் தெரியாது. இந்தப் பகுதியில் பற்சட்டம் கிடையாது, டீசல் என்ஜின்தான் இழுக்கும் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீராவி என்ஜின் என்று ஆசைகாட்டி அழைத்துப் போனால் ஊட்டி வரை அழுகைதான்.

வாந்தி வருமே, அதற்கு என்ன செய்வது? குடும்பப் பயணத்தைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள் (சாலை ஊசிபோல மடங்கித் திரும்பும் இடங்கள்). வளைகிறோம் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், அசையாமல் இருக்கிறோம் என்கிறது. இந்த முரண்பாட்டை மூளையால் தாங்க முடிவதில்லை, வயிறு புரட்டுகிறது.

காரணம் தெரிந்தால் தீர்வும் தெரிந்துவிடும். கண்ணும் வளைவைப் பார்க்க வேண்டும். மலையேறத் தொடங்கியதும் எல்லாப் போனையும் வாங்கிப் பையில் போடுங்கள். வாந்தி எடுப்பவரைப் பெரியவர் என்றால் முன்சீட்டிலும், குழந்தை என்றால் முன்பக்கச் சாலை தெரியும்படி நடுவிலும் உட்கார வையுங்கள். தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியை இறக்கிவிடுங்கள், வண்டிக்குள் தொங்கும் வாசனைப் புட்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, காரமடையில் பொங்கல் வடையை ஒரு கட்டு கட்டிவிட்டும் ஏறக்கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை என்றால் மலையேறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். புரட்டத் தொடங்கியபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். குழந்தைகளுக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காகிதப் பை நாலைந்து, மாற்றுச் சட்டை ஒன்று, ஈரத்துணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டிக்கியில் அல்ல.

காது அடைப்பது எதனால்? மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர், குன்னூர் சுமார் 1,700, ஊட்டி சுமார் 2,200. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். வீட்டிலிருந்து எடுத்துவந்த சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வழியில் பர்லியாறு தாண்டியதும் பலூன் மாதிரி உப்பும், பிள்ளைகளிடம் காட்டுங்கள். அதே வேலைதான் செவிப்பறைக்குப் பின்னாலும் நடக்கிறது. எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் சரியாகிவிடும்.

பலர் கவனிக்காதது, ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும். அந்த நேரத்தில் குழந்தைகள் களைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூக்கத்தில் அதிகம் விழுங்க மாட்டார்கள். வீறிட்டு எழுந்து அழுதால் பசி என்று நினைத்துவிடுவோம். இறங்கும் வழியில் கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு மிட்டாய் ஒன்றைச் சப்பக் கொடுங்கள். சளி பிடித்து மூக்கடைத்த குழந்தை என்றால் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடுவது மேல்.

பெரியவர்களுக்கு மூச்சுவாங்காதா? ஊட்டியின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு வேகமாக ஏறினால் மூச்சு இரைக்கும், அவ்வளவுதான். இதய நோய், ஆஸ்துமா, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வரக்கூடாது. வேளை மாத்திரைகளையும் இன்ஹேலரையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்நூறு மீட்டர் குறைவு.

எவ்வளவு குளிரும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையத்தில் 36 டிகிரி என்றால் குன்னூரில் 27, ஊட்டியில் 24 என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் பகல் நேரத்துக்கு ஒரு முழுக்கைச் சட்டை போதும். வெயில் மறைந்ததும் சட்டென்று விழும் குளிருக்குத்தான் ஸ்வெட்டர். மார்கழி, தை என்றால் காதைமூடும் குல்லாவும் சேர்த்து. குளிர்கிறதே என்று தொப்பி போடாமல் சுற்றாதீர்கள். உயரத்தில் வெயில் தெரியாமல் சுடும், மறுநாள் மூக்கு உரியும்.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டுங்கள் என்பது என் பிடிவாதம். விடுமுறை நாளில் ஓட்டலில் இடத்துக்கு நின்றாலே ஒரு மணி நேரம் போய்விடும். புளிசாதம், தயிர்சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். காலை நேரத்துக்கு அரிசிம்பருப்புச் சோறும் கெடாது. வாழையிலையும் எவர்சில்வர் தூக்கும்தான் பாத்திரம். இதைப் பழமைப்பற்றில் சொல்லவில்லை. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது; சின்னத் தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்தி. சோதனையில் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள். மேலே ஆங்காங்கே குடிநீர் ஏடிஎம் (காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரம்) வைத்திருக்கிறார்கள். வீட்டுக் குடுவையில் பிடித்துக்கொள்ளலாம்.

வாங்கிவர என்ன இருக்கிறது? ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருள் இதுதான் என்று அரசு தரும் முத்திரை) கிடைத்தது. ஈரம்பட்டால் நமுத்துவிடும், அன்றே டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். பருவத்தில் போனால் பர்லியாறில் மங்குஸ்தான் பழம். கீழே சமவெளியில் விளையாதது, மலையடிவாரத்து ஈரத்தில் நன்றாக வரும். கேரட், முள்ளங்கியை மேலே ரோட்டோரத்தில் வாங்கினாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. இலையோடு இருப்பதைப் பார்க்கும் ஆசைக்காக வாங்கலாம்.

பர்லியாறில் குரங்குகள் வண்டிக்காகவே காத்திருக்கும். தின்பண்டம் போடாதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான். கல்லாறு, பர்லியாறு, குஞ்சப்பனைப் பக்கம் யானை சாலையைக் கடக்கும், பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். நம் ஊர் வனச்சரகத்தில் யானை பார்த்துப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: நின்றுவிடுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், படமெடுக்க இறங்காதீர்கள். குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை மாடுபோல் நின்று மேயும். மாடு அல்ல.

இப்போது வண்டி ஓட்டுகிறவருக்கு. உண்மையான ஆபத்து ஏறும்போது இல்லை, இறங்கும்போது இருக்கிறது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர் மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பிரேக் சூடேறும், சூடேறிய பிரேக் பிடிக்காது. கருகிய வாடை அடித்தால் அது பிரேக்தான்.

என்ன செய்ய வேண்டும்? மலை டிரைவர்கள் சொல்வது ஒரே வரி: ஏறின கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய வளைவை இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். அப்போது என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்திவைக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் டி-யில் விட்டுவிட்டு வராமல், எல் அல்லது கையால் கியர் மாற்றும் முறைக்கு மாற்றுங்கள். எப்படி என்பதை வீட்டிலேயே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை.

வாடை அடித்துவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு கோணிவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவரின் பொறுப்பு. ஏற்றத்தில் நின்ற லாரி மறுபடி கிளம்புவது எவ்வளவு சிரமம் என்பதை நினைத்தால் விதி புரியும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் மனைவி, குழந்தையோடு ஏறுகிறவர்களையும் பார்க்கிறேன். அதில் என்ஜின் தரும் பிடிப்பு இந்த இறக்கத்துக்குப் போதாது. பேருந்தில் போங்கள்.

நான்கு மணி என்று பிடிவாதமாகச் சொல்கிறேனே, ஏன்? மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மஞ்சு அதற்கும் முன்பே இறங்கிவிடும். எல்லோரும் ஐந்து மணிக்கு இறங்க நினைப்பதால் ஐந்துக்கு மேல் கூட்டம். மே மாதப் பருவத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். காரைக் குன்னூரில் நிறுத்தி ரயிலில் போகும் யோசனை உள்ளவர்கள் அந்த மாதத்தில் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழி நினைத்ததைவிட நீளும்.

எந்த மாதம் வேண்டாம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்ப் பக்கம் மண் சரியும். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பருவத்தில் மலை ரயிலும் அடிக்கடி நிறுத்தப்படும். வானிலை அறிக்கையில் ஆரஞ்சு, சிவப்பு என்று வந்துவிட்டால் பாஸ் இருந்தாலும் போகாதீர்கள். பாஸ் திரும்பவும் கிடைக்கும்.

அப்படி ரத்தான நாளில் பிள்ளைகளை என்ன சொல்லிச் சமாளிப்பது? வெறும் கூட்டத்தால் பாஸ் கிடைக்கவில்லை என்றால், மேட்டுப்பாளையம் தாண்டி மலையடிவாரத்திலேயே பிளாக் தண்டர் நீர்விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. முழு நாள் அங்கேயே போகும். அதையும் குன்னூரையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம், ஈரத்தலையோடு மலையேறினால் நடுங்க வேண்டியதுதான். பெரியவர்களுக்குப் பக்கத்திலேயே, பவானிக் கரையில், தேக்கம்பட்டி வனபத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது.

அதுவும் தூரம் என்றால் நம் ஊருக்கு மேற்கே பாலமலை நிற்கிறது. அரங்கநாதர் கோயில், சுற்றிலும் இருளர் ஊர்கள், காடு. படகும் கிடையாது, குட்டி ரயிலும் கிடையாது. புரட்டாசிச் சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் கூட்டமும் கிடையாது. யானை நடமாடும் காடு என்பதால் காலையில் போய் வெயில் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.